சிமாஸ் இன்வெர்ட்டர்: சிமுலேஷன் ஸ்டெப்பை மாற்றினால் பவரும் மாறுகிறதே, ஏன்?

அரைக்கடத்தி மாணவி

வணக்கம். ஒரே ஒரு இன்வெர்ட்டர் (இன்புட்டைத் தலைகீழாக்கும் சர்க்யூட்), ஒரு என்மாஸ், ஒரு பிமாஸ் என்று இரண்டே டிரான்சிஸ்டர். இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது மூன்று கேள்விகளோடு வந்து நிற்கிறேன்.

முதலில் என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என்ஜிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் செய்கிறேன். விடிடி, அதாவது சப்ளை வோல்டேஜ், 1.8 வோல்ட். லெவல் 1 என்ற எளிய டிரான்சிஸ்டர் மாடலை நானே எழுதிக்கொண்டேன். த்ரெஷோல்ட் (டிரான்சிஸ்டர் திறக்கும் வோல்டேஜ்) என்மாஸுக்கு 0.45 வோல்ட், பிமாஸுக்கு மைனஸ் 0.45. கேபி மதிப்பு (கரண்ட் எவ்வளவு ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் மாறிலி) என்மாஸுக்கு 200 மைக்ரோ, பிமாஸுக்கு 50 மைக்ரோ. மாடல் வரியில் வேறு எதுவும் இல்லை. நீளம் இரண்டுக்கும் 0.18 மைக்ரான், அகலம் என்மாஸுக்கு 1.8, பிமாஸுக்கு 7.2 மைக்ரான். அவுட்புட்டில் 10 ஃபெம்டோஃபாரட் கெபாசிட்டர். இன்புட்டில் பல்ஸ் சோர்ஸ், பீரியட் 10 நானோ செகண்ட். சுத்தமான சதுர அலை வேண்டும் என்பதால் ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் 0 என்று கொடுத்தேன்.

1. கையால் போட்டால் கெபாசிட்டன்ஸ் × விடிடி வர்க்கம் × ஃப்ரீக்வென்சி, அதாவது 10 ஃபெம்டோ × 3.24 × 100 மெகா = 3.24 மைக்ரோவாட் வருகிறது. நேரப் போக்கில் ஓட்டச் சொல்லும் டிரான் வரியில் ஸ்டெப் 1 நானோ செகண்ட் என்று ஓட்டினால் 14.2 மைக்ரோவாட் காட்டுகிறது. ஸ்டெப்பை 0.1 நானோ செகண்ட் ஆக்கினால் 3.9. ஸ்டெப் என்பது படத்தின் நேர்த்தியைத்தானே மாற்ற வேண்டும்? சர்க்யூட் தின்னும் பவரை எப்படி மாற்றும்?

2. விடிசியில் (இன்புட்டுக்கு ஏற்ப அவுட்புட் மாறுவதைக் காட்டும் கோடு) விஐஎல் (0 என்று ஏற்கும் அதிகபட்ச இன்புட்) 0.79, விஐஎச் (1 என்று ஏற்கும் குறைந்தபட்ச இன்புட்) 1.01 வோல்ட் வருகிறது, அழகாக இருக்கிறது. ஆனால் நடுவில் கெயின் எவ்வளவு என்று பார்க்க வகைக்கெழு எடுத்தால், ஸ்வீப் ஸ்டெப்பை 10 மில்லிவோல்ட்டிலிருந்து 1 மில்லிவோல்ட்டாகக் குறைத்ததும் கெயின் சுமார் பத்து மடங்கு ஏறிவிடுகிறது. எதை ரிப்போர்ட்டில் எழுதுவது?

3. இன்புட் 0 வோல்ட்டில் நிற்கும்போது சப்ளையிலிருந்து சில பிக்கோ ஆம்ப் ஓடுகிறது. இதை லீக்கேஜ் கரண்ட் என்று எழுதலாமா?

நெட்லிஸ்ட் நேசன்

பவருக்கு எப்படி சராசரி எடுத்தீர்கள்? என்ஜிஸ்பைஸில் மீன் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால் அங்கேதான் கோளாறு. அது புள்ளிகளைக் கூட்டிப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுக்கும். நேரத்தைக் கணக்கில் எடுக்காது. சிமுலேட்டர் எட்ஜ் (சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் பகுதி) வரும் இடத்தில் நெருக்கமாகவும் மற்ற இடத்தில் தாண்டித் தாண்டியும் புள்ளி வைக்கும். கரண்ட் ஓடுவதே எட்ஜில்தான். ஆக, சராசரி கன்னாபின்னாவென்று கூடிவிடும். மெஷர் கட்டளையில் ஆவரேஜ் கேளுங்கள், அது நேரத்தைப் பொறுத்து இன்டெக்ரேட் செய்து கொடுக்கும்.

இன்னொன்று, ஆர்எம்எஸ் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) எடுத்து விடிடியால் பெருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது தப்பு. விடிடி மாறாத வோல்டேஜ், கரண்ட்டின் சாதாரண சராசரி போதும். கரண்ட் மைனஸில் வருகிறது என்று பயப்படவும் வேண்டாம். ஸ்பைஸ் வழக்கப்படி சோர்ஸின் பிளஸ் முனைக்குள் போவதுதான் பாசிட்டிவ்.

பிமாஸின் பல்க் (அது அமர்ந்திருக்கும் வெல்லின் முனை) விடிடியில்தானே இருக்கிறது? கிரவுண்டில் போட்டுவிட்டு "பவர் அதிகம்" என்று வருகிறவர்கள் நிறைய. சோர்ஸுக்கும் வெல்லுக்கும் நடுவில் இருக்கும் டையோடு முன்னோக்கித் திறந்துகொள்ளும், அப்புறம் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

அரைக்கடத்தி மாணவி

மெஷர் ஆவரேஜ்தான், 100 நானோ செகண்டிலிருந்து 200 வரை, முழுசாகப் பத்து பீரியட். பல்க் விடிடியில்தான் இருக்கிறது. மீன் ஃபங்ஷன் விஷயம் எனக்குத் தெரியாது, நல்லவேளை அதைத் தொடவில்லை.

கரண்ட் கண்ணாடி

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். நீங்கள் காலியாக விட்ட இடங்களை சிமுலேட்டர் தன் வழக்கப்படி நிரப்பிக்கொண்டது. ஸ்பைஸ் எதையும் காலியாக விடாது, உங்களைக் கேட்கவும் கேட்காது.

பவரில் ஆரம்பிப்போம். பல்ஸ் சோர்ஸில் ஏறும் நேரம் 0 என்று கொடுத்தால் என்ஜிஸ்பைஸ் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதில்லை. டிரான் வரியில் இருக்கும் ஸ்டெப் மதிப்பைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிடும். ஆக, 1 நானோ செகண்ட் ஸ்டெப் என்றால் உங்கள் "சதுர" அலை 0விலிருந்து 1.8க்கு ஏற 1 நானோ செகண்ட் எடுக்கிறது. 0.1 ஆக்கியபோது எட்ஜ் பத்து மடங்கு செங்குத்தாகிவிட்டது. நீங்கள் படத்தின் நேர்த்தியை மாற்றவில்லை, சர்க்யூட்டுக்குக் கொடுக்கும் சிக்னலையே மாற்றிவிட்டீர்கள். நம்பிக்கை வராவிட்டால் அவுட்புட்டை விட்டுவிட்டு இன்புட்டை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், சாய்வு கண்ணுக்கே தெரியும்.

அந்தச் சாய்வு ஏன் பவரைத் தின்கிறது? இன்புட் 0.45ஐத் தாண்டியதும் என்மாஸ் திறக்கிறது. பிமாஸ் மூடுவது 1.35இல்தான். இடைப்பட்ட 0.9 வோல்ட்டில் இரண்டும் பாதி திறந்த குழாய்கள் மாதிரி. விடிடியிலிருந்து கிரவுண்டுக்கு நேராக ஒழுகும். உங்கள் மொத்த ஸ்விங்கில் சரிபாதி அந்த 0.9 வோல்ட். எட்ஜ் 1 நானோ செகண்ட் என்றால் ஒவ்வொரு எட்ஜிலும் அரை நானோ செகண்ட் ஒழுகுகிறது. இதற்குத்தான் ஷார்ட் சர்க்யூட் பவர் என்று பெயர்.

இதை எண்ணாகவே போட்டுப் பார்க்கலாம். ஹாரி வீன்ட்ரிக் 1984இல் கொடுத்த எளிய ஃபார்முலா ஒன்று உண்டு: பீட்டாவை (கேபி × அகலம் வகுத்தல் நீளம்) 12ஆல் வகுத்து, (விடிடி கழித்தல் இரண்டு த்ரெஷோல்ட்) கனத்தால் பெருக்கி, எட்ஜ் நேரத்தாலும் ஃப்ரீக்வென்சியாலும் பெருக்க வேண்டும். உங்கள் என்மாஸுக்கு அகலம் வகுத்தல் நீளம் 10, கேபி 200 மைக்ரோ, பீட்டா 2 மில்லி. பிமாஸுக்கு 40 × 50 மைக்ரோ, அதே 2 மில்லி. சமச்சீரான இன்வெர்ட்டர், அதனால் ஃபார்முலாவை அப்படியே போடலாம். 0.9இன் கனம் 0.729. எல்லாவற்றையும் பெருக்கினால் 1 நானோ செகண்ட் எட்ஜுக்கு 12.15 மைக்ரோவாட். கெபாசிட்டர் பங்கு 3.24ஐச் சேர்த்தால் 15.4.

உங்களுக்கு வந்தது 14.2. மிச்சம் எங்கே போயிற்று? அந்த ஃபார்முலா அவுட்புட்டில் லோடே இல்லை என்று வைத்துக்கொள்கிறது. லோடு இருந்தால் அவுட்புட் உடனே கீழே வராது, மெதுவாகத்தான் இறங்கும். அது மேலேயே தங்கியிருக்கும்வரை பிமாஸின் இரு முனைகளுக்கும் நடுவில் வோல்டேஜே இல்லை, திறந்திருந்தும் அதில் அதிகம் ஓடாது. அந்த நேரத்தில் என்மாஸ் இழுப்பது கெபாசிட்டரில் ஏற்கெனவே இருக்கும் சார்ஜைத்தான். 0.1 நானோ செகண்ட் கேஸைப் பாருங்கள், இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஃபார்முலா 1.2 மைக்ரோவாட் என்கிறது, உங்களுக்கு வந்திருப்பது 3.9 கழித்தல் 3.24, சுமார் 0.66. ஃபார்முலா கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொல்கிறது. அவுட்புட் இறங்கத் தொடங்குவதற்குள் இன்புட் பாதி தூரம் ஓடிவிட்டது, அவ்வளவுதான். ஃபார்முலாவை உச்ச வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: எட்ஜ் நேரத்தை வெளிப்படையாக எழுதுங்கள். டிரான் வரியில் நான்காவது எண்ணாக அதிகபட்ச ஸ்டெப்பையும் கொடுங்கள், எட்ஜ் நேரத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும். அப்புறம் டிரான் ஸ்டெப்பை எப்படி மாற்றினாலும் பவர் அசையக் கூடாது. அசைந்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

விடிசி பற்றி. விடிசி வரையும்போது சப்ளை கரண்ட்டையும் அதே படத்தில் போடுங்கள். பாட வேலைகளில் இதை ஏனோ யாரும் செய்வதில்லை. ஒரே ஸ்வீப், இரண்டாவது கோடு இலவசம். 0.45 வோல்ட்டில் கிளம்பி, 0.9இல் உச்சம் தொட்டு, 1.35இல் படுத்துவிடும் ஒரு கூர்மையான மேடு வரும். உச்சம் பீட்டாவில் பாதி × 0.45 வர்க்கம், அதாவது 0.2025 மில்லி ஆம்ப் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன ஒழுகல் முழுவதும் இந்த மேட்டின் பரப்புதான். எட்ஜ் எவ்வளவு வேகமாக இதைத் தாண்டுகிறது என்பதுதான் பவர்.

இப்போது கெயின். உங்கள் விடிசியின் நடுப்பகுதியைப் பெரிதாக்கினால் சரியாக 1.35 வோல்ட்டிலிருந்து 0.45 வோல்ட் வரை ஒரு செங்குத்துச் சுவர் நிற்கும். அந்தச் சுவருக்குச் சரிவு என்று ஒன்று கிடையாது, முடிவிலி. நீங்கள் பார்த்தது 0.9 வோல்ட் தாவலை ஸ்வீப் ஸ்டெப்பால் வகுத்த எண். ஸ்டெப் பத்தில் ஒன்றானால் எண் பத்து மடங்காகத்தானே செய்யும். காரணம் லாம்டா, டிரெயின் வோல்டேஜ் கூடும்போது கரண்ட் எவ்வளவு கூடும் என்று சொல்லும் எண். மாடல் வரியில் கொடுக்கவில்லை என்றால் அது 0. அப்போது சாச்சுரேஷனில் (டிரெயின் வோல்டேஜ் போதிய அளவு உயர்ந்த நிலையில்) டிரான்சிஸ்டர் அப்பட்டமான கரண்ட் சோர்ஸ். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் அவுட்புட் எங்கே நிற்பது என்று சொல்ல யாரும் இல்லை. இரண்டுக்கும் லாம்டா 0.1 கொடுங்கள். ஓவர்டிரைவ் என்பது கேட் வோல்டேஜ் த்ரெஷோல்டைத் தாண்டும் அளவு, இங்கே 0.45. கெயின் தோராயமாக 2 வகுத்தல் (லாம்டா × ஓவர்டிரைவ்), அதாவது 2 வகுத்தல் 0.045, நாற்பதுகளின் நடுவில் வர வேண்டும். டிரெயின் வோல்டேஜால் கரண்ட் சற்றுக் கூடுவதால் கொஞ்சம் மேலேயே வரும். ஸ்வீப் ஸ்டெப் 1 மில்லிவோல்ட்டோ 0.1 மில்லிவோல்ட்டோ, அந்த எண் நகரக் கூடாது.

விஐஎல், விஐஎச் இரண்டையும் நம்பலாம். லாம்டா 0 ஆன சமச்சீர் இன்வெர்ட்டருக்கு விஐஎல் = (3 விடிடி + 2 த்ரெஷோல்ட்) வகுத்தல் 8 = 0.7875; விஐஎச் = (5 விடிடி − 2 த்ரெஷோல்ட்) வகுத்தல் 8 = 1.0125. உங்கள் 0.79, 1.01 இதேதான். சரிவு மைனஸ் 1 ஆகும் புள்ளிகள் சுவருக்கு வெளியே, ஒரு டிரான்சிஸ்டர் லீனியர் பகுதியில் இருக்கும்போது வருவதால் தப்பித்துக்கொண்டன. நாய்ஸ் மார்ஜின் (இரைச்சலைத் தாங்கும் இடைவெளி) எழுதும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அவுட்புட் உச்சம் 1.8 என்றும் தாழ்வு 0 என்றும் எடுத்தால் இரண்டு பக்கமும் 0.7875 வரும். மைனஸ் 1 புள்ளிகளில் அவுட்புட் உண்மையில் நிற்கும் 1.6875, 0.1125 ஆகியவற்றை எடுத்தால் 0.675தான். இரண்டு வழக்கமும் இருக்கிறது. எதை எடுத்தீர்கள் என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

மூன்றாவது, லீக்கேஜ். எழுதக் கூடாது. லெவல் 1 என்பது 1968இல் ஷிச்மன், ஹாட்ஜஸ் இருவரும் கொடுத்த சமன்பாடு. த்ரெஷோல்டுக்குக் கீழே கரண்ட் சுத்தமாக 0 என்று அது அடித்துச் சொல்கிறது. நிஜ டிரான்சிஸ்டரில் த்ரெஷோல்டுக்குக் கீழே கரண்ட் அறை வெப்பத்தில் சுமார் 60 மில்லிவோல்ட்டுக்குப் பத்தில் ஒன்றாகக் குறைவதுதான் சாத்தியமான மிகச் சிறந்த நிலை. நடைமுறையில் 80, 90, 100. அந்த வால் உங்கள் மாடலில் இல்லவே இல்லை. அப்படியானால் அந்தப் பிக்கோ ஆம்ப்? கணக்கு குவியாமல் போகக் கூடாது என்று சிமுலேட்டர் ஜங்ஷன்களின் குறுக்கே தானே வைத்துக்கொள்ளும் குட்டிக் கடத்துத்திறன், பெயர் ஜிமின், வழக்கமான மதிப்பு 1 பிக்கோ சீமன்ஸ். 1.8 வோல்ட்டுக்கு 1.8 பிக்கோ ஆம்ப். ஆப்ஷன் வரியில் ஜிமினை ஆயிரத்தில் ஒன்றாக்கிப் பாருங்கள், உங்கள் "லீக்கேஜ்" காணாமல் போகும். ஆப்ஷனுக்கு ஏற்ப மாறுகிற கரண்ட் டிரான்சிஸ்டருடையது இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1963இல் ஃபேர்சைல்டில் ஃபிராங்க் வான்லாஸ் இந்தச் சர்க்யூட்டைக் காட்டியபோது அதன் மவுசே சும்மா நிற்கையில் நானோவாட் அளவில் தின்பதுதான். இன்றைக்குச் சும்மா நிற்கும்போது தின்பதைச் சரியாகச் சொல்லத்தான் நமக்குப் பெரிய மாடல் ஃபைல் வேண்டியிருக்கிறது.

ராத்திரி ரன்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் "எட்ஜை வெளிப்படையாக எழுதுங்கள்" என்பதோடு நிறுத்தினால் போதாது என்பது என் கட்சி. எவ்வளவு எழுதுவது? 10 பிக்கோவா, 100 பிக்கோவா? எதை எழுதினாலும் அது உங்கள் ஆசைதான், சர்க்யூட்டின் எட்ஜ் இல்லை.

சோதிக்க வேண்டிய இன்வெர்ட்டருக்கு முன்னால் இரண்டு இன்வெர்ட்டர், பின்னால் லோடாக நான்கு இன்வெர்ட்டர் வையுங்கள், எல்லாம் அதே அளவு. ஐடியல் சோர்ஸ் முதலாவதை மட்டும் ஓட்டட்டும். நடுவில் இருப்பதற்கு எட்ஜ் தானாகவே நிஜமாக வந்து சேரும். நடுவில் இருப்பதற்கு மட்டும் தனி 1.8 வோல்ட் சோர்ஸ், மற்றவற்றுக்கு வேறொன்று. கரண்ட்டைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐடியல் சோர்ஸ் நேராக கேட்டை ஓட்டினால், ஏறும்போது கேட் கெபாசிட்டன்ஸுக்குக் கொடுத்த எனர்ஜியை இறங்கும்போது அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளும். வழியில் ரெசிஸ்டன்ஸே இல்லையே. ஆக, கேட்டை ஓட்டுவதற்குச் செலவே இல்லை என்று சிமுலேட்டர் சொல்லும். நிஜத்தில் முந்தைய இன்வெர்ட்டர் அந்த எனர்ஜி முழுவதையும் சூடாகத்தான் கழிக்கிறது. (லெவல் 1 மாடலில் ஆக்ஸைடு தடிமன் கொடுக்காவிட்டால் என்ஜிஸ்பைஸில் கேட் கெபாசிட்டன்ஸே 0. அதனால் இந்த வித்தியாசம் இப்போதைக்கு உங்களுக்குத் தெரியாது. அதுவும் நீங்கள் காலியாக விட்ட இடம்தான்.)

கரண்ட் கண்ணாடி

ராத்திரி ரன் சொல்வது நியாயம். நான் எட்ஜை எழுதச் சொன்னது காரணத்தைக் கண்டுபிடிக்க. அளக்க உட்காரும்போது செயின்தான் சரி. ஒரே ஒரு மாற்றுக் கருத்து: முதல் நாளே செயினோடு ஆரம்பித்தால் ஷார்ட் சர்க்யூட் பங்கு எட்ஜைப் பொறுத்து எப்படி வளர்கிறது என்பது கண்ணில் படாது. முதலில் ஒற்றை இன்வெர்ட்டரில் எட்ஜை 10 பிக்கோவிலிருந்து 2 நானோ வரை ஓட்டி ஒரு கோடு போடுங்கள், அப்புறம் செயின். இன்புட் எட்ஜும் அவுட்புட் எட்ஜும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இருந்தால் ஷார்ட் சர்க்யூட் பங்கு சிறிதாகத்தான் இருக்கும் என்பதை அந்தக் கோட்டிலேயே பார்க்கலாம்.

மாடலுக்கு: ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் மாடல் கோப்புகள் 2020இலிருந்து எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன, என்ஜிஸ்பைஸில் ஓடும், 1.8 வோல்ட் டிரான்சிஸ்டரும் இருக்கிறது. சப்த்ரெஷோல்ட், ஜங்ஷன் கெபாசிட்டன்ஸ் எல்லாம் வரும். ஆரம்பிக்கும்போது இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். டிரான்சிஸ்டரை எம் என்று அழைக்கக் கூடாது, சப்சர்க்யூட்டாக எக்ஸ் என்று அழைக்க வேண்டும். அகலம், நீளம் இரண்டையும் மைக்ரான் என்று எழுதாமல் வெறும் எண்ணாக எழுத வேண்டும். அந்தக் கோப்பு ஏற்கெனவே மைக்ரானில் அளவிடச் சொல்லி வைத்திருக்கிறது. பழக்கதோஷத்தில் யு எழுத்தைச் சேர்த்தால் அகலம் மில்லியனில் ஒரு பங்காகி, இப்படி ஒரு அளவே கிடையாது என்று பிழை வந்து நிற்கும். டிரெயின், சோர்ஸ் பரப்பையும் சுற்றளவையும் மறக்காமல் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஜங்ஷன் கெபாசிட்டன்ஸ் குறைவாக வந்து, பவரும் டிலேயும் உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

அரைக்கடத்தி மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

எட்ஜை 1 நானோ செகண்ட் என்று எழுதினால் டிரான் ஸ்டெப் எதுவானாலும் அதே 14.2தான். 10 பிக்கோ செகண்ட் என்று எழுதினால் 3.24ஐ ஒட்டி நிற்கிறது. சப்ளை கரண்ட் மேடு சொன்ன இடத்திலேயே வந்தது, உச்சம் 0.2 மில்லி ஆம்ப். லாம்டா 0.1 வைத்ததும் கெயின் 48க்குப் பக்கத்தில், ஸ்வீப் ஸ்டெப்பை மாற்றினாலும் அசையவில்லை. ஜிமினைக் குறைத்ததும் லீக்கேஜ் மறைந்துவிட்டது, கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் ஸ்கைவாட்டர் மாடலை வைத்து, ராத்திரி ரன் சொன்ன செயினைப் போட்டேன். இப்போது புதுசாக ஒன்று. இன்புட் ஏறத் தொடங்கும் கணத்தில் அவுட்புட் கீழே போவதற்கு முன்னால் 1.8ஐத் தாண்டி ஒரு சின்ன மூக்கு நீட்டுகிறது. அதே கணத்தில் சப்ளை கரண்ட்டின் குறி மாறுகிறது, அதாவது இன்வெர்ட்டர் சப்ளைக்குத் திருப்பிக் கொடுக்கிறது! லெவல் 1இல் இது வரவில்லை. சராசரி எடுக்கும்போது இந்தப் பகுதியை வெட்டிவிடலாமா, அல்லது அப்சல்யூட் மதிப்பு எடுக்க வேண்டுமா?

நெட்லிஸ்ட் நேசன்

அப்சல்யூட் எடுத்துவிடாதீர்கள்! திருப்பிக் கொடுத்ததையும் செலவுக் கணக்கில் சேர்த்ததாகிவிடும்.

கரண்ட் கண்ணாடி

வெட்டவும் வேண்டாம். குறியோடு அப்படியே முழு பீரியடுக்கும் சராசரி எடுங்கள்.

அந்த மூக்கு கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவில் இருக்கும் கெபாசிட்டன்ஸின் வேலை. லெவல் 1இல் ஆக்ஸைடு தடிமனும் கேட், டிரெயின் ஓவர்லாப்பும் கொடுக்காததால் அது இல்லாமல் இருந்தது. இன்புட் மேலே ஏறும்போது அந்தக் கெபாசிட்டன்ஸ் அவுட்புட்டையும் கூடவே மேலே தள்ளுகிறது. என்மாஸ் இன்னும் திறக்கவில்லை, பிமாஸ் இன்னும் மூடவில்லை. அவுட்புட் 1.8ஐத் தாண்டியதும் தள்ளப்பட்ட சார்ஜுக்கு வெளியேற ஒரே வழி, திறந்திருக்கும் பிமாஸ் வழியாக சப்ளைக்கே போவது. அதனால்தான் குறி மாறுகிறது. இன்புட் இறங்கும் எட்ஜிலும் பாருங்கள், அவுட்புட் 0வுக்குக் கீழே ஒரு குட்டிப் பள்ளம் விழும். அங்கே சார்ஜ் கிரவுண்டிலிருந்து வரும்.

சப்ளைக்குத் திரும்பிய அந்தச் சார்ஜைக் கொடுத்தது யார்? கேட்டை ஓட்டும் முந்தைய இன்வெர்ட்டர். உங்கள் நடு இன்வெர்ட்டரின் சோர்ஸை மட்டும் பார்த்தால் அதன் செலவு கொஞ்சம் குறைவாகத் தெரியும், மிச்சம் முந்தையதன் கணக்கில் உட்கார்ந்திருக்கும். மொத்தச் செலவு வேண்டுமென்றால் இரண்டு சோர்ஸையும் கூட்டிப் பாருங்கள். இதே கெபாசிட்டன்ஸின் இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் 1.8 வோல்ட் நகர்கின்றன, மொத்தம் 3.6. அதனால் கையால் லோடு கணக்கிடும்போது அதை இரண்டு மடங்காக எடுக்க வேண்டும். சிமுலேஷன் பவர் உங்கள் கைக்கணக்கைவிடக் கூடுதலாக வருகிறது என்று அடுத்து கேட்க வந்தால், முதலில் இதையும் டிரெயின் ஜங்ஷனையும் லோடில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். நான்கு இன்வெர்ட்டர்களின் கேட் மட்டும் லோடு இல்லை.

ராத்திரி ரன்

லீக்கேஜ் போனதற்கு வருத்தப்பட்டீர்களே, இந்த மாடலில் அது நிஜமாகவே இருக்கிறது. செயினை விட்டுவிட்டு ஒற்றை இன்வெர்ட்டரில் இன்புட்டை 0வில் நிறுத்தி ஒரு தடவை, 1.8இல் நிறுத்தி ஒரு தடவை சப்ளை கரண்ட்டைப் பாருங்கள். முதலாவதில் ஒழுகுவது என்மாஸ், இரண்டாவதில் பிமாஸ். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. டெம்பரேச்சரை 27இலிருந்து 85 டிகிரிக்கு ஏற்றி மறுபடி ஓட்டுங்கள், பல மடங்கு ஏறும். ஜிமினைக் குறைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் பிமாஸின் எண்ணில் எது டிரான்சிஸ்டருடையது, எது சிமுலேட்டருடையது என்று மறுபடி குழம்பும்.